தை மாதச் சாலையும் மற்ற மாதத் தெருவும்

(திண்டுக்கல்லில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகரத்தில் நடப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். உடம்பு இளைக்கவும் சர்க்கரை குறையவும் நடப்பது மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தே போய் நடந்தே திரும்புகிற மக்களைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். திண்டுக்கல்லில் நின்று பேசுவதால் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

சிலப்பதிகாரத்தில் நம் சிறுமலை வருகிறது. மதுரைக் காண்டத்தில் காடுகாண் காதை. உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்து போகும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் வழியில் மாங்காட்டைச் சேர்ந்த மறையவர் ஒருவரைச் சந்திக்கிறார்கள். மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்கிறான். கொடும்பாளூர்ப் பக்கம் பாதை மூன்றாகப் பிரியும் என்று தொடங்கி, ஒவ்வொரு பாதையாக அவர் விவரிக்கிறார். வலப்பக்கத்துப் பாதையில் போனால் முதலில் மரங்கள் காய்ந்து நிற்கும் வறண்ட நிலம். பிறகு தண்ணீர் கிடைக்காமல் மான் கத்தும் காடு. அடுத்து எயினர் வாழும் இடம். அதையும் கடந்தால் ஐவன நெல், கரும்பு, தினை, வரகு, மஞ்சள், வாழை, கமுகு, தென்னை, மா, பலா என்று பச்சை கட்டிய நிலம். அங்கே பாண்டியனின் சிறுமலை தெரியும். அந்த மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் மதுரை.

நடந்து பழகியவர் சொல்லும் வழி இது. எங்கே தண்ணீர் கிடைக்காது, எங்கே ஆட்கள் இருப்பார்கள், எங்கே நிழல் தொடங்கும், எந்த மலை எந்தக் கைப்பக்கம் இருக்க வேண்டும் என்று நடப்பவருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் காமராஜர் பேருந்து நிலையத்தில் இறங்கி, மலைக்கோட்டைக்கு நடந்து போக வழி கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "ஆட்டோ பிடிச்சுப் போயிருங்க சார்" என்கிறோம். அக்கறையோடுதான் சொல்கிறோம். நடந்து போனால் அவர் என்ன பாடு படுவார் என்று நமக்குத் தெரியும்.

இத்தனைக்கும் திண்டுக்கல் நடப்பவர்கள் உண்டாக்கிய ஊர். 2011 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. அன்றைய நகராட்சியின் பரப்பு 14 சதுர கிலோமீட்டர்தான். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு மணி நேரத்தில் நடந்துவிடலாம். மலையடிவாரத்தில் கோட்டை மாரியம்மன், அபிராமி அம்மன் கோயிலைச் சுற்றி ரத வீதிகள், ஒரு பக்கம் பேகம்பூர், இன்னொரு பக்கம் நாகல்நகர், நடுவில் சந்தை. பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்குள்தான் தூரம். வண்டி வைத்திருந்தவர் ஊருக்குப் பத்துப் பேர் இருந்த காலத்தில் வகுத்த தெருக்கள் இவை. மனிதர் நடந்து போய்ச் சேரும் தொலைவில் எல்லாமே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஊரின் அமைப்பு.

நம் நாட்டில் நடப்பவருக்கான ஏற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கமும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் இன்றும் தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலைகள் இருக்கின்றன. சாலை என்றால் மரமும் சத்திரமும் தண்ணீரும் சேர்ந்தது என்பது அன்றைய கணக்கு. அதைவிட என்னை அதிகம் நெகிழச் செய்வது சுமைதாங்கிக் கல். நின்ற வாக்கில் இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காத சுமைக்காக, வழிப்போக்கர் தங்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று வீட்டார் நட்டு வைப்பார்கள். அதன் உயரத்தைக் கவனித்துப் பாருங்கள். தலைச்சுமைக்காரர் குனிய வேண்டாம், தூக்கிவிட இன்னொரு ஆளைத் தேட வேண்டாம். அப்படியே சரித்து வைத்துவிட்டு இளைப்பாறி, திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கல்லை நட்டவர் முதலில் சுமப்பவரின் உடம்பை அளந்திருக்கிறார். சாலைப் பொறியியலுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

நடந்தே அரசியல் செய்த மண்ணும் இது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கக் கூடாது என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். 1956, 57-ல் நிலத்தைத் தானமாகக் கேட்டு வினோபா பாவே தமிழ்நாட்டில் நடந்தபோது, அந்தப் பூதான இயக்கத்தில் முன்னின்ற கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் வத்தலகுண்டுப் பக்கத்துக் கிராமங்களில் இறங்கி வேலை செய்தவர்கள். நடந்து வருகிறவரைப் பட்டினி போடக் கூடாது என்பது நம் ஜனங்களின் ரத்தத்தில் ஊறியது.

அது இன்றும் ஊறித்தான் இருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஆண்டுதோறும் சாட்சி கிடைக்கிறது. தைப்பூசத்தைச் சொல்கிறேன்.

மார்கழி முடியும் முன்பே கிழக்கிலிருந்து பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைச் சீமை. குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி. சிங்கம்புணரி, நத்தம் கடந்து, சிறுமலையை இடப்பக்கம் பார்த்துக்கொண்டே திண்டுக்கல்லுக்குள் நுழைகிறார்கள். மதுரைப் பக்கத்துக் கூட்டமும் இங்கே வந்து சேரும். இங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் துணிப்பை, பையின் முதுகில் இரவில் வண்டி வெளிச்சம் பட்டு ஒளிரும் ஸ்டிக்கர். காலில் செருப்பில்லாதவர்கள் பாதிப்பேர். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்மார்கள், எழுபது தாண்டிய பெரியவர்கள், கொத்தனார்கள், மளிகைக்கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள்.

அந்த நாட்களில் பழனி சாலையில் நின்று பாருங்கள். கொட்டகை போட்ட பந்தலில் ஒருவர் பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து நீர்மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார். "சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க சாமி" என்று குரல் கொடுப்பார். வருகிறவர் அவர் கடையில் மூட்டை தூக்கும் ஆளாகவும் இருக்கலாம். அன்றைக்கு அவரும் சாமிதான். அடுத்த பந்தலில் சுக்குக் காபி. அதற்கடுத்ததில் வாழையிலைத் துண்டில் புளியோதரை. ஓரிடத்தில் பெஞ்சு போட்டு, பிளஸ் டூ படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் யாத்திரிகர்களின் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். கொப்புளம் வெடித்த பாதத்தை அந்தப் பையன்களில் ஒருவன் தன் மடியில் தூக்கி வைத்து, பஞ்சால் ஒற்றி, மருந்து தடவி, துணி சுற்றுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பெரியம்மா கூச்சத்தில் காலை இழுக்க, "இருங்க சாமி, இன்னும் ரெண்டு சுத்து" என்று அவன் விடவில்லை. பக்கத்து வீட்டம்மா வாசலில் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தார் சூடு தணியத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

அரசும் சும்மா இருப்பதில்லை. போலீஸ்காரர்கள் கூட்டத்தை ஒரே ஓரமாக அனுப்புவார்கள், ஒளிரும் பட்டை கொடுப்பார்கள், ஆம்புலன்ஸ் நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திண்டுக்கல் - பழனி சாலையோரம் பாதயாத்திரை பக்தர்களுக்கென்றே கல் பதித்த தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். இடையிடையே பராமரிப்பு போதவில்லை என்பது உண்மை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பெரிய நகரங்களில் கூட ஒரு தெருவுக்கு நடைபாதை கேட்டால் இடமில்லை, பணமில்லை என்கிற நாட்டில், வயல்வெளி நடுவே ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் நடப்பவருக்குத் தனிப்பாதை இருக்கிறது. அது நம் மாவட்டத்தில் இருக்கிறது.

பழனியிலேயே இன்னொன்றும் நடந்தது. மலையைச் சுற்றியிருக்கும் கிரிவீதி கடை, தள்ளுவண்டி, கார், வேன் என்று அடைத்துக்கொண்டு, கிரிவலம் வருகிறவர்கள் வண்டிகளுக்கு நடுவே வழி தேட வேண்டியதாக இருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னார்கள். 2024 மார்ச் 8 முதல் தனியார் வாகனங்கள் கிரிவீதிக்குள் வரக் கூடாது என்றானது. நடக்க முடியாதவர்களுக்குக் கோயில் நிர்வாகம் பேட்டரி வண்டிகளை இலவசமாக ஓட்டுகிறது. வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். அவர்கள் பிழைப்பைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதற்கு நான் பின்னால் வருகிறேன். இங்கே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வண்டியில்லாத தெரு என்பது டென்மார்க்கில்தான் முடியும் என்று சொல்கிறவர்களுக்கு, பழனியில் முடிந்திருக்கிறது என்று நாம் பதில் சொல்லலாம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளிலும் முடிந்திருக்கிறது.

அப்படியென்றால், நடப்பவரை எப்படி மரியாதையாக நடத்துவது என்பது நமக்குத் தெரிந்த கலை. பணம், இடம், மனம் மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. ஆண்டில் சில நாட்களுக்கு, சாமி பெயரால் நடப்பவருக்கு மட்டும் அவற்றைக் கொடுக்கிறோம். பூசம் முடிந்து அதே மனிதர் ஊர் திரும்பி, வேட்டியை மாற்றிக்கொண்டு வேலைக்கு நடக்கத் தொடங்கியதும் அவரை ஹாரன் அடித்து விரட்டுகிறோம். காவடி எடுத்த காலும் கூடை சுமக்கும் காலும் ஒரே கால். இரண்டுக்கும் ஒரே மரியாதை வேண்டும் என்று கேட்கத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

யார் நடக்கிறார்கள்? 2011 கணக்கெடுப்பு, வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்றும் கேட்டது. நாடு முழுவதும் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை செய்வோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்து போகிறவர்கள். பள்ளிப் பிள்ளைகள் அதில் சேரவில்லை. பஸ்ஸில் போகிறவர்களும் சேரவில்லை. ஆனால் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கும், நிறுத்தத்திலிருந்து வேலைக்கும் நடக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எத்தனை பெண்கள் அதனால் வீட்டைவிட்டு வெளியே வந்து சம்பாதிக்கிறார்கள் என்பதை நம் தெருவிலேயே பார்க்கிறோம். பஸ்ஸுக்குக் காசு வேண்டாம் என்றாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் அந்தக் கால் மணி நேர இருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் ஊர்க் கடைவீதி ஒன்றில் ஓர் அப்பத்தாவுக்குப் பின்னால் நூறடி நடந்து வந்தேன். இடுப்பில் ஒயர் கூடை. கூடைக்குள் உதிரிப்பூ. நடைபாதை என்று அங்கே இருப்பது சாக்கடை மேல் போட்ட சிலாப்தான். அதன் மேல் ஏற ஒன்றரை அடி உயரம் காலைத் தூக்க வேண்டும். அப்பத்தா மின்கம்பத்தைப் பிடித்து ஏறினார். நாலு சிலாப் தாண்டியதும் ஒரு சிலாப் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒண்டிக் கடந்தார். அடுத்து ஒரு கடையின் படிக்கட்டு நடைபாதையை முழுக்க விழுங்கியிருந்தது. கீழே இறங்க வேண்டும். இறங்குகிற இடத்தில் வரிசையாக பைக். இரண்டு பைக்குகளுக்கு நடுவே கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து உடம்பைத் திருப்பி வெளியே வந்தார். வந்த இடம் தார் ரோடு. பின்னால் ஷேர் ஆட்டோ. அடுத்த முறை நடைபாதை தொடங்கியபோது அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டோரமாகவே நடந்தார். "மேல ஏறி எறங்கி முட்டி போச்சு தம்பி. அடிச்சா அடிக்கட்டும்" என்றார்.

நடைபாதை இருந்தும் ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள், அவர்களுக்கு ஒழுங்கில்லை என்று சொல்கிறவர்களை அந்த அப்பத்தாவின் பின்னால் நூறடி நடக்க வேண்டுகிறேன்.

சிலாப் ஏன் அவ்வளவு உயரம்? நம் ஊர்களில் நடைபாதை என்று தனியாக எதுவும் கட்டுவதில்லை. மழைநீர் வடிகால் கட்டுகிறோம், அதன் மூடிக்கு நடைபாதை என்று பெயர் வைக்கிறோம். ஆகவே உயரத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் மட்டம். மனிதரின் முட்டிக்கு அதில் பங்கில்லை. இந்திய சாலைக் குழுமம் 2012-ல் வெளியிட்ட நடப்போர் வசதிக்கான வழிகாட்டி, நடைபாதை விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நடக்கும் இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் கடந்துபோகும் அகலம் அது. அரை அடி உயரம், ஆறடி அகலம். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இவ்வளவுதான்.

சாலையைக் கடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சிக்னல் நேரத்தைக் குறிக்கும் பொறியாளர்கள், மனிதர் ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 15 மீட்டர் அகலச் சாலைக்கு 13 நொடி போதும். முட்டி வலிக்காரரோ, இடுப்பில் பிள்ளை வைத்திருக்கும் தாயோ நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 19 நொடி வேண்டும். அந்த ஆறு நொடி கொடுக்காததால் அவர் நடுரோட்டில், இரண்டு பக்கமும் வண்டி பாயும் இடத்தில் நின்றுபோகிறார். நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு திட்டு கட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். நாற்கரச் சாலையோரத்துக் கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஊர் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிளந்து கிடக்கிறது. நிழல் தந்த புளிய மரங்களும் போய்விட்டன. வெயிலில் வறளும் நம் சமவெளியில் நிழலில்லாத பாதை சித்திரை, வைகாசியில் பாதையே இல்லாததற்குச் சமம்.

நடைபாதையைப் படிக்கட்டு விழுங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் வீடுகள் தெருவைவிடப் பள்ளத்தில் இறங்கின. அதனால் வாசலில் படி, படியால் நடைபாதை அடைபட்டது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மட்டத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அடுத்த முறை தார் போடும்போது அருகில் போய்ப் பாருங்கள், கேளுங்கள்.

இதையெல்லாம் சௌகரியக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825. நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அந்த ஆண்டு சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம். நடந்து போய் இறந்த இவர்களில் யாரும் தன் வண்டி வேகத்தால் இன்னொருவரைக் கொல்லக்கூடிய நிலையில் இருக்கவில்லை. அவர்களிடம் வண்டியே இல்லை. இந்த எண்ணிக்கையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சட்டம் இப்போது நம் பக்கம் வந்திருக்கிறது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதை கிடைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று சொல்லி, மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதைகளை அமைக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்து, போக்குவரத்துப் பணத்தில் பெரும்பங்கு நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். போய்ப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் கையை உதறிவிட்டு ஓடுகிற காட்சி நம் மாநிலத்துக் கடைத்தெருவில் சாத்தியம் என்று அது காட்டியது. கொள்கை எழுதிய வேகத்தில் மற்ற தெருக்கள் மாறவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் லாரி எடுத்துக்கொண்டு போய்க் கீரைக்காரம்மாவின் சாக்கைத் தூக்கிப் போடுவது நமக்குப் பழகிவிட்டது. இதில் நான் முழுமனதோடு தெருவோர வியாபாரிகள் பக்கம். நடைபாதையைக் கான்கிரீட் போட்டு நிரந்தரமாக அடைத்தது படிக்கட்டு, ஜெனரேட்டர், பிளக்ஸ் கம்பம், வரிசை வரிசையாக நிற்கும் பைக். நாலடிச் சாக்கு விரித்துக் கொத்தமல்லி விற்பவர் சாயங்காலம் எழுந்து போய்விடுவார். அவர் இருப்பதால்தான் நடப்பவருக்குப் பாதுகாப்பும் கூட. ராத்திரி எட்டரை மணிக்கு டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளையைக் கேளுங்கள். எந்தத் தெரு வழியாக வருகிறாய் என்றால், பூக்காரக்காவும் இட்லிக் கடையும் இருக்கிற தெருவைத்தான் சொல்வாள். பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து எல்.இ.டி. காலம் வரை நம் தெருக்களுக்குக் காவல் அவர்கள்தான். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு வேண்டும், அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு முறையாகக் கூடி, நடக்க ஆறடி, கடைக்கு நாலடி என்று கோடு போட்டுக் கொடுத்தால் சண்டைக்கு இடமில்லை. பழனி வியாபாரிகளின் குறைக்கும் இந்த வழியில்தான் பதில் தேட வேண்டும். மாற்று இடம் கொடுக்காமல் விரட்டினால் அவர்கள் திரும்ப வருவார்கள். வரத்தான் வேண்டும், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

நடப்பவருக்காக மாறிய ஊர் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் போன்தேவேத்ரா என்று ஓர் ஊர். மக்கள்தொகை எண்பதாயிரத்துக்குச் சற்று மேல், திண்டுக்கல்லில் பாதிக்கும் குறைவு. 1999-ல் அங்கே மேயராக வந்த லோரெஸ் ஒரு மருத்துவர். பழைய நகரத்தின் குறுகலான தெருக்கள் கார்களால் நிரம்பி, முதியவர்களும் குழந்தைகளும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர் கார்களை ஊருக்கு வெளி ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். சரக்கு வண்டிக்கும் அவசரத்துக்கும் மட்டும் வழி விட்டார். மற்ற தெருக்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் எதிர்த்தார்கள். அதே மக்கள்தான் அவரைத் தேர்தலுக்குத் தேர்தல் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரின் நடுப்பகுதியில் நடப்பவர் வண்டியில் அடிபட்டு இறப்பது பல ஆண்டுகளாக நின்றுபோனது.

அந்த ஊர் செய்த ஒரு சின்ன வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மெட்ரோ ரயில் வரைபடம் போல ஒரு படம் வரைந்தார்கள். கோடுகளில் ரயில் கிடையாது. சந்தையிலிருந்து ரயிலடிக்கு நடந்தால் எத்தனை நிமிடம், பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் போட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் ஊர் எவ்வளவு சின்னது, நடக்கிற தூரம் எவ்வளவு குறைவு என்று ஜனங்களுக்கே புரிந்தது. பிறகு ஐரோப்பாவில் பல ஊர்கள் அதைப் பார்த்துப் படம் வரைந்தன.

திண்டுக்கல்லுக்கு அப்படி ஒரு படம் வேண்டும். மாணவர்களே, இது உங்களுக்கான வேலை. நிமிடத்தை மட்டும் போட்டால் போதாது. காடுகாண் காதையில் அந்த மறையவர் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். எந்தத் தெருவில் நிழல், எங்கே குடிதண்ணீர்க் குழாய், எங்கே பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை, எங்கே உட்கார ஒரு திண்ணை, எந்தத் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஆள் நடமாட்டம், எங்கே சிலாப் உடைந்திருக்கிறது, எந்த முனையில் சாலையைக் கடக்கப் பயம் என்று அதில் இருக்கட்டும். பேருந்து நிலையத்திலிருந்து ரயிலடி, ரத வீதிகள், மலைக்கோட்டை, பேகம்பூர் பெரிய பள்ளிவாசல், அரசு மருத்துவமனை, பூ மார்க்கெட் என்று ஐந்தாறு வழிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒரு பூக்காரம்மாவையும், சக்கர நாற்காலியில் போகும் ஒருவரையும், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில் படத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கையில் தையல்காரர் டேப் ஒன்று இருந்தால் போதும். அரை அடிக்கு மேல் உயரம் உள்ள இடத்தையும் ஆறடிக்குக் குறைந்த அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தோடு உங்கள் வார்டின் ஏரியா சபைக்குப் போவோம். 2022-லிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபைகள் நடக்கின்றன. தெருவிளக்கும் குடிநீரும் கேட்கிற இடத்தில் நடைபாதையும் கேட்கலாம். எல்லாத் தெருவும் ஒரே ஆண்டில் மாறாது. ரத வீதிகளில் ஒன்றை மட்டும் முதலில் கேட்போம். ஒரு பக்கமாவது தடையில்லாத ஆறடி, அரை அடி விளிம்பு, கடக்கும் இடத்தில் நடுத்திட்டு, வேம்போ புங்கமோ முப்பதடிக்கு ஒன்று, கடைக்காரர்களுக்குக் கோடு போட்ட இடம். தைப்பூசத்துக்குப் பந்தல் போடுகிற சங்கங்களையும் கடைக்காரர்களையும் இதற்கு அழைப்போம். மோர் ஊற்றத் தெரிந்த கைகள் மரம் நட்டுத் தண்ணீர் விடவும் தயங்காது. அவர்களை நான் அறிவேன், கேட்டால் வருவார்கள்.

படம் வரைய விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் பெயர் கொடுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பேருந்து நிலைய வாசலில் கூடுகிறோம். முதல் வழி, அங்கிருந்து பூ மார்க்கெட்.